அடைக்கோழியும் மூன்றாம் ஓலையும்

சேவியர்,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இன்று பொறுமை இல்லை. இடது கை முழுக்கக் கோழி கொத்திய காயம். மஞ்சளை அப்பிக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். போனில் உன்னிடம் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது. நான் பத்து வார்த்தை பேசினால் நீ "ம்" என்கிறாய், இருபது பேசினால் "சரிம்மா" என்கிறாய். அதற்கு மேல் உன் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கோயிலில் வருஷக்கணக்காக வாசகம் வாசிக்கிறவளுக்கு எழுத்தும் கொஞ்சம் வரும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். வருகிற ஞாயிறு எட்டு மணிப் பூசையில் ஃபாதர் உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலையை வாசிக்கிறார். அதற்கு முன் நீ இதை முழுசாகப் படித்தாக வேண்டும். பாதியில் நிறுத்திவிடாதே. முக்கியமான விஷயம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதை முதலிலேயே எழுதுகிற தைரியம் எனக்கு வரவில்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு நீ இங்கே இல்லை. பாலக்காட்டில், எலப்புள்ளிப் பக்கத்துக் கம்பெனியில் உனக்கு அன்று ஷிப்ட். நான் அந்த நீலப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இன்னார் மகன் சேவியர், உத்தமபாளையம் பங்கைச் சேர்ந்த இன்னார் மகள் என்று ஃபாதர் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றும் வாசித்தார். மூன்று ஞாயிறும் இதையேதான் வாசிப்பார்கள். நானே எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன், அந்தக் கடைசி வரியில் தடுமாறியது இல்லை. அன்றைக்கு அந்த வரி வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தேன். சனங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாம்பல் கோழி அடைக்குப் படுத்துவிட்டது. நீ போன தடவை வந்தபோது குஞ்சாக இருந்ததே, அதுதான். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் விறகுச் சாய்ப்பில் முட்டை இடுவதற்காக ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை வைத்திருக்கிறேன். அதில் போய் உடம்பைப் பரப்பி உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் அடித்தொண்டையில் கறுவுகிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இது தேவையா எனக்கு? மழை பிடித்துக்கொண்டது. சாந்தன்பாறைச் சாரலில் ஒரு நாள் நனைந்தால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது என்று உனக்குத் தெரியும். இது ஒன்று கூடையை அடைத்துக்கொண்டதால் மற்ற இரண்டு கோழிகளும் முட்டையிட இடமில்லாமல் அலைந்தன. கிட்டே போனால் அவற்றையும் கொத்தியது. அடை வைக்கக் கூடாது, கலைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் எப்படி என்று உனக்குத் தெரியாதா.

திங்கட்கிழமை அடியில் இருந்த நாலு முட்டையையும் எடுத்துவிட்டேன். கொத்தியது, எடுத்தேன். முட்டை இல்லையென்றால் எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். வெறும் வைக்கோல்மேல் உட்கார்ந்தது. வைக்கோலை எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக்மேல் உட்கார்ந்தது. கூடையையே தூக்கி ஒளித்து வைத்தேன். கூடை இருந்த தரையில் உட்கார்ந்தது. அங்கே என்ன இருக்கிறது? ஒரு கல், இரண்டு விறகுச் செதிள். அதன்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருக்கிறது. தீனி போட்டால் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். உன் அப்பா சாயா கிளாஸோடு வாசலில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே பிடிவாதம். யாரு தோக்காகன்னு பாப்போம்" என்றார். முப்பது வருஷமாக இந்த மனுஷன் பேசுகிற நாலு வார்த்தையும் என் கோபத்தைக் கிளறுவதற்கென்றே பேசுகிறார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு லீலா சேச்சி சொன்னபடி வாளித் தண்ணீரில் முக்கினேன். நம் மலைத் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும், கை விறைத்துப்போகும். மூன்று முறை கழுத்துவரை முக்கி எடுத்தேன். நனைந்து பாதி உடம்பாகி, சொட்டச் சொட்ட நடந்து, அதே கல்மேல் போய் உட்கார்ந்தது. சேச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது வெள்ளத்துல மாறாது. மூக்குல ஒரு தூவல் குத்தி விடு, ரெண்டு திவசம் போதும்" என்று மலையாளம் கலந்து சொன்னாள், இரண்டே நாளில் சரியாகிவிடுமாம். அவள் சொன்ன தூவலாக, கீழே ஒரு இறகு கிடந்தது. எடுத்துக் கையில் வைத்தேன். அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. ஏன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றாலும் நான் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது நான் செய்தது.

அப்போது நீ நாலாம் வகுப்பு. செம்பட்டைக் கோழி ஒன்று, என் கோழி என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். அது அடைக்குப் படுத்தது. அந்த வருஷமும் இப்படித்தான் மழை. நான் அதைப் பிடித்து, ஒரு இறகை இரண்டு மூக்குத் துளைக்கும் குறுக்காகச் செலுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான், என் அம்மாவும் செய்தாள். இறகு உறுத்திக்கொண்டே இருக்கும், கோழி தலையை உதறிக்கொண்டே அலையும், அடையை மறந்துவிடும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாய். அது மூக்கைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஓடிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் அதைத் துரத்திப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு இறகை உருவினாய். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. என்னிடம் வந்து, "ஏம்மா இப்பிடிச் செஞ்ச?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் முதுகில் ஒரு அடி வைத்து, பெரியவர்கள் செய்கிறதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லி, உன் கையாலேயே அந்தக் கோழியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் செலுத்தினேன். நீ பிடித்துக்கொண்டாய். "இனிமே கேக்கக் கூடாது, என்ன?" என்றேன். "சரிம்மா" என்றாய். எனக்குத் தெரிந்து நீ சொன்ன முதல் சரிம்மா அதுதான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நீ முட்டை சாப்பிடவில்லை. நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்கிறான் என்று கோயிலிலும் வேலைக்காட்டிலும் பெருமை பேசினேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் ஆள் ஏற்றுகிற வேலை போதும், ஊரிலேயே இருப்பேன் என்றாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இல்லை. மலைவளைவில் உருண்ட ஜீப்புகளின் கதையாக எனக்குத் தெரிந்த அத்தனையையும் எடுத்துவைத்து, நீ செத்தால் நானும் செத்துப்போவேன் என்று அழுது, ஐ.டி.ஐ.யில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்கும் சரிம்மாதான். இப்போது நீ இருக்கிற ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மெஷின் சத்தத்தில் காது அடைக்கிறது என்று உன் கூட வேலை செய்கிறவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டபோது நல்லா இருக்கேம்மா என்றாய். எனக்கு அதில் ஏற்பட்ட எரிச்சலை எப்படிச் சொல்வது? குறை சொல்லத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? ஒரு தடவையாவது கத்தியிருக்கலாமே ஐயா. தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

போன புதன்கிழமை, கோழிச் சண்டையில் நொந்துபோய், சிலுவை நிற்கிற குருசடி மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று உனக்குப் போன் போட்டேன். கல்யாணச் சட்டை தைக்கக் கொடுத்தாயா என்று கேட்டேன், ம் என்றாய். மோதிர அளவு கேட்டேன், நீயே பாத்துக்கம்மா என்றாய். உத்தமபாளையத்துப் பிள்ளையிடம் பேசினாயா என்று கேட்டேன், அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் கோழி அடை படுத்ததைச் சொன்னேன். உடனே உன் குரலே மாறிவிட்டது. "அடிக்காதம்மா. தண்ணில முக்காத. இறகு கிறகு ஏதும் செஞ்சிராத" என்று மூச்சுவிடாமல் பேசினாய். கம்பி வலைக் கூண்டை நாலு செங்கல்மேல் தூக்கி வைக்க வேண்டும், அடியில் காற்றுப் போக வேண்டும், வயிறு குளிர்ந்தால் அடைச்சூடு இறங்கிவிடும், தண்ணீரும் தீனியும் உள்ளேயே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். உன் கல்யாணத்தைப் பற்றி இத்தனை மாதத்தில் நீ பேசியதைவிட என் கோழியைப் பற்றி அந்த ஐந்து நிமிஷத்தில் அதிகம் பேசினாய். கடைசியில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. "நாலு நாள்தான்மா. அப்பறம் மத்த கோழியோட சேந்து எரை திங்க ஆரம்பிச்சிரும். மறந்துரும்." அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். ஏதோ ஒன்று நெஞ்சில் குத்தியது, என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

நீ சொன்னபடியே செய்தேன். உன் அப்பா கம்பி வலை கட்டிக் கொடுத்தார். நாலு நாள். முதல் இரண்டு நாள் கம்பிமேலும் படுத்துப் பார்த்தது, காற்று அடித்ததும் எழுந்துகொண்டது. மூன்றாம் நாள் நின்றது. ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கக் கேட்டுவிட்டு வந்து கூண்டைத் திறந்தேன். நேராக மற்ற இரண்டு கோழிகளிடம் போய் மண்ணைக் கிளறி இரை பொறுக்கியது. இறகு சிலிர்ப்பு இல்லை, கறுவல் இல்லை. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. லீலா சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் மகன் சொன்ன வைத்தியம் என்று பீற்றிக்கொண்டேன். உன் அப்பாவிடம், யார் தோற்றார்கள் இப்போது சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

திங்கள் சாயங்காலம் கோழி அடைகிற நேரத்தில் சாம்பலைக் காணவில்லை. நரியோ பாம்போ என்று பதறிப்போனேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் தேடினேன். கொட்டுகிற மழை. லயத்துக்குக் கீழே முதல் வரிசை ஏலச்செடித் தூர்களுக்கு நடுவில், காய்ந்த தட்டைகளை விலக்கினால் இருக்கிறது. கூடையில் இடமில்லாமல் அலைந்த மற்ற இரண்டு கோழியும் அங்கே போய் முட்டையிட்டு வைத்திருக்கின்றன. ஏழு முட்டை. அத்தனையையும் வயிற்றுக்கு அடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது இது. முதுகுமேல் தண்ணீர் வழிகிறது. கொண்டையெல்லாம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சத்தம்கூடப் போடவில்லை, தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் இரை தின்றதே, அப்போதும் இது எதையும் மறக்கவில்லை. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன் சேவியர். அடிக்கக் கை வரவில்லை. பாழாய்ப்போன கோழியே, பாழாய்ப்போன கோழியே என்று சொல்லிச் சொல்லி அழுதேன். நான் அழுதது கோழிக்காக இல்லை. மறந்துரும் என்று நீ சொன்னது கோழியைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் நான் எனக்கே ஒத்துக்கொண்டேன்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது, திரும்பிப் போவதற்கு மூன்று நாளைக்கு முன்னால், எஸ்தரைப் பற்றி என்னிடம் சொன்னாய். கீழே ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்கிறவள், இரண்டு வருஷமாகப் பழக்கம், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றாய். உன் வாழ்க்கையில் நீயாக வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். ஜீப்புக்கு அப்புறம் அது ஒன்றுதான். அவளும் வேதக்காரப் பிள்ளைதான், ஆனால் வேறு சபை. அவர்கள் கோயிலும் நம் கோயிலும் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஞாயிறுதோறும் பீடத்தில் ஏறி வாசகம் வாசிக்கிற என்னைப் பார்த்து, அவள் மகனையே அவளால் பிடித்துவைக்க முடியவில்லை என்று நாலு பேர் சொல்வார்களே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கடவுளை நினைத்து நான் பயப்படவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துத்தான் பயந்தேன். இரண்டு நாள் சாப்பிடாமல் பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தேன். அது உனக்குத் தெரியும். நீ அதற்கு மசியவில்லை. யோசிச்சுச் சொல்லும்மா, நான் காத்திருக்கேன் என்று சொல்லிப் பஸ் ஏறினாய். அந்த ஒரு தடவைதான் நீ சரிம்மா என்று சொல்லவில்லை.

உனக்குத் தெரியாதது இது. நீ போன மறு வாரம் நான் ஸ்டோருக்குப் போனேன். எஸ்தர் சல்லடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு, என் மகனை விட்டுவிடு என்றேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க சொல்லி நான் விட மாட்டேன்மா. அவரு சொன்னா ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "அவன்தான் எங்கிட்டச் சொல்லி விட்டான். ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல அவனுக்கு மனசு வரல" என்றேன். நான் சொன்னேன் சேவியர். நீ சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். அவள், அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. நான் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் நீ எனக்குப் போன் செய்து, "எஸ்தர் ஏம்மா போன் எடுக்க மாட்டேங்கா? ஒனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டாய். எனக்கென்ன தெரியும், அவர்கள் வீட்டில் வேறு இடம் பார்த்திருப்பார்கள் என்று சொன்னேன். நீ நம்பினாய். உன் தாய் உன்னிடம் பொய் சொல்வாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. ஈஸ்டருக்கு அப்புறம் உத்தமபாளையத்துப் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தபோது, போட்டோகூடப் பார்க்காமல் ஒரே நாளில் சரிம்மா என்றாய். பத்து நாள் படாதபாடு பட்டும் ஒரு கோழியிடம் என்னால் ஜெயிக்க முடியவில்லை. நீ ஒரே நாளில் விட்டுக்கொடுத்தபோது, ஏன் என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டாமா? காரணம் எனக்குத் தெரியும், அதனால்தான் யோசிக்கவில்லை. அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்து, இனி யாராக இருந்தால் என்ன என்று நீ சொன்ன சரி அது. அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீ அவளை வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதல் ஓலைக்கு மறுநாள் ரோட்டில் எதிரே வந்தாள், என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்று, கோழியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்த கையோடு, உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாதமாக அவருக்கும் தெரியாது. கேட்டுவிட்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மழையில் குடைகூட எடுக்காமல் வெளியே போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து நனைந்து வந்து, "அவன்கிட்டச் சொல்லு. மூணாம் ஓலைக்கு முன்னாடி சொல்லு" என்றார். அவ்வளவுதான். அப்புறம் போய், நான் ஒளித்து வைத்த கூடையைத் தேடி எடுத்து, வைக்கோல் போட்டு, அடுப்பங்கரை மூலையில் வைத்தார்.

இப்போது உனக்கு என்மேல் என்ன தோன்றுகிறதோ எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீ விரும்பினால். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நேரம் இல்லை. எஸ்தரைத்தான் நீ கட்ட வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இனிமேல் உன் விஷயத்தில் நான் ஒன்றையும் முடிவு செய்யப்போவதில்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் எஸ்தரிடம் நேரில் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். முதலில் உனக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன். உத்தமபாளையத்துப் பிள்ளையையும் நீ நினைத்துப் பார். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. போன வாரம் போனில், "அவங்க ஏன் அத்தை எங்கிட்டப் பேசவே மாட்டேங்காங்க? என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். வேலை ஜாஸ்தி என்று அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன். உன் மனசில் அவளுக்கு இடம் இருந்தால், இதையெல்லாம் அறிந்த பின்னும் அவளைத்தான் கட்டுவேன் என்று உனக்குத் தோன்றினால், அதை அவளிடம் நீயே வாயைத் திறந்து சொல். கட்டிக்கொண்ட பிறகும் அவளோடு வாய்விட்டுச் சண்டை போடு. நானும் உன் அப்பாவும் போடாத சண்டையா? இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவனோடு ஒரு பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள்? இடம் இல்லையென்றால், இப்போதே நிறுத்துவதில் அவளுக்கு வருகிற அவமானம் பெரிசுதான், ஆனால் அதற்கு நான்தான் பொறுப்பு. நானே உத்தமபாளையம் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஓலைக்குத் தடை சொல்ல வேண்டும் என்றால் அதையும் நானே ஃபாதரிடம் போய்ச் சொல்வேன். தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று இரண்டு ஞாயிறும் அவர் வாசித்தபோது, அந்தக் கோயிலில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். முன் வரிசையில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் வாசகம் வாசிக்க வேண்டாம் என்று ஃபாதர் சொன்னால் சொல்லட்டும். அவர் சொல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் நான் ஏற மாட்டேன்.

சாம்பல் இப்போது அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. அந்த ஏழு முட்டையையும் அதற்கே வைத்துவிட்டேன். கூமுட்டையாகப் போகுமோ, குஞ்சு பொரிக்குமோ, மழையில் பிழைக்குமோ தெரியாது. வைக்கும்போதும் கையைக் கொத்திக் கிழித்தது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாளைக்கும் நாளை மறுநாளும் வேலை விட்டதும் குருசடி மேட்டில் போனோடு நிற்பேன். சனிக்கிழமை இருட்டுகிறவரை நிற்பேன். போன் செய்யப் பிடிக்கவில்லையென்றால் எழுதி அனுப்பு. என்னைத் திட்டி எழுது. ஏம்மா இப்படிச் செய்தாய் என்று அன்றைக்கு முற்றத்தில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாயே, அதே கேள்வியைக் கேள். இந்தத் தடவை நான் அடிக்க மாட்டேன், பதில் சொல்கிறேன். இனிமேல் உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று வேண்டுமானாலும் எழுது. சரிம்மா என்று மட்டும் எழுதிவிடாதே ஐயா.

உன் அம்மா